ராட்டர்டாம் திரைப்பட விழாவுக்குப் போக பெர்சனல் லோன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் விஸ்காம் நடத்துகிறேன். கைக்கு வரும் சம்பளம் 44,000 ரூபாய். வீட்டில் அம்மாவும் நானும்தான். வாடகை, மளிகை, அம்மாவின் மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 29,000 ஆகிறது. ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டுக்கு மாதம் 5,000 கட்டுகிறேன். வரும் மே மாதம் சீட்டு முடிகிறது, இன்னும் எடுக்கவில்லை. வங்கியில் 1.6 லட்சத்துக்கு எஃப்.டி. இருக்கிறது. 2021-ல் 'கூழாங்கல்' படத்துக்கு ராட்டர்டாம் சர்வதேசத் திரைப்பட விழாவின் டைகர் விருது கிடைத்ததிலிருந்து, அந்த விழாவுக்கு ஒருமுறை போய்விட வேண்டும் என்று மனதில் இருக்கிறது. வரும் ஜனவரியில் போகலாமா என்று பார்க்கிறேன். என் வங்கி 14 சதவீத வட்டியில், மூன்று வருடத் தவணையில் 3 லட்சம் பெர்சனல் லோன் உடனே தருவதாகச் சொல்கிறது. அதை வாங்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? ஐரோப்பா டூர் பேக்கேஜில் சேர்ந்து போய் ஆம்ஸ்டர்டாமில் பிரிந்துகொள்ளலாம் என்கிறது ஒரு டிராவல் ஏஜென்சி. இவ்வளவு செலவு செய்வதென்றால் கான் விழாவுக்கே பாஸ் வாங்கலாமே என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். படம் பார்க்க யாராவது வெளிநாடு போவார்களா என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

பதில்: போங்கள். ஆனால் வரும் ஜனவரியில் வேண்டாம், அதற்கடுத்த ஜனவரியில் போங்கள். கடனும் வேண்டாம், எஃப்.டி.யையும் தொட வேண்டாம்.

சொந்தக்காரர்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சினிமா சொல்லிக்கொடுப்பது உங்கள் தொழில். மருத்துவர் மாநாட்டுக்குப் போவதை யாரும் ஊதாரித்தனம் என்று சொல்வதில்லை. 1972-லிருந்து நடக்கும் ஒரு விழாவுக்கு, புதிய இயக்குநர்களின் முதல் படங்களைத் தேடித் திரையிடும் விழாவுக்கு, விஸ்காம் ஆசிரியர் ஒருவர் தன் சம்பாத்தியத்தில் போவது நியாயமான செலவு. எந்தப் பணத்தில், எந்த வரிசையில் செலவு செய்யப் போகிறீர்கள் என்பதுதான் நான் பார்க்க வேண்டியது.

லோனை எடுத்துக்கொள்வோம். 3 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் 36 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 10,250 ரூபாய். செலவும் சீட்டும் போக உங்கள் கையில் நிற்பது 10,000. அதாவது வீடு திரும்பிய பிறகும் நீங்கள் மிச்சம் பிடிக்கும் மொத்தத்தையும் இ.எம்.ஐ. விழுங்கிவிட்டு, இன்னும் 250 கேட்கும். சீட்டு முடிந்தால்தான் மூச்சு விட முடியும். மூன்று வருடத்தில் நீங்கள் கட்டப்போவது ஏறக்குறைய 3.69 லட்சம். வட்டி மட்டும் 69,000, கிட்டத்தட்ட ஒரு ஐரோப்பா விமான டிக்கெட். இதில் பிராசஸிங் கட்டணத்தை நான் சேர்க்கவே இல்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து விசாவில் இருக்கிறது. ராட்டர்டாம் இருக்கும் நெதர்லாந்துக்குப் போக உங்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா வேண்டும். விசா கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மறுத்துவிட்டால் கட்டணம் திரும்பி வராது. நீங்கள் லோன் வாங்கியிருந்தால், விசா இல்லாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இ.எம்.ஐ. கட்டுவீர்கள். உடனே அடைக்கலாம் என்றால் பல வங்கிகள் முதல் சில மாதங்களுக்கு விடாது, விட்டாலும் அதற்கென்று ஒரு கட்டணம் போடும்.

இன்னொன்றும் இருக்கிறது. விசா விண்ணப்பத்தோடு கடந்த சில மாத வங்கிக் கணக்கு அறிக்கையைக் கொடுக்க வேண்டும். மாதம் 44,000 மட்டுமே வந்துகொண்டிருந்த கணக்கில், விண்ணப்பிக்கும் முந்தின வாரம் திடீரென்று 3 லட்சம் விழுந்தால் அது உதவுவதைவிடக் கேள்வியைத்தான் கிளப்பும். அதுவே மாதாமாதம் சம்பளம் வந்து, அதில் ஒரு பகுதி ஒழுங்காகச் சேர்ந்துகொண்டே வந்திருந்தால், இவர் தன் பணத்தில் போகிறார், வேலைக்குத் திரும்பி வருவார் என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி. ஒரு வருடம் சேமிப்பது வட்டியை மிச்சப்படுத்துவதற்கு மட்டுமல்ல, உங்கள் விசாவுக்கான முக்கிய ஆவணத்தை நீங்களே மாதாமாதம் தயாரிப்பதற்கும்தான். நான் ஒரு வருடம் தள்ளச் சொல்வது இதனால்தான்.

எஃப்.டி. விஷயமும் இதோடு சேர்ந்தது. உங்கள் 1.6 லட்சம் என்பது ஐந்தரை மாத வீட்டுச் செலவு. அம்மா மருந்து எடுப்பவர், சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர்தான். அந்தப் பணம் அப்படியே இருக்கட்டும். உடைக்காமலேயே அது உங்களுக்கு வேலை செய்யும்: எஃப்.டி. ரசீதின் நகலை விசா ஃபைலில் வையுங்கள். ஊரில் உங்களுக்குச் சேமிப்பும் பொறுப்பும் இருக்கிறது என்று காட்டும் தாள் அது. அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு பற்றி நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் பயணத்துக்கு முன் அதை முடித்துவிட வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி செலவுக் கணக்கு. யூரோ விலை நாளுக்கு நாள் மாறும், அதனால் கொஞ்சம் கூட்டியே, ஒரு யூரோ 110 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து ஒரு இடத்தில் மாறி ஆம்ஸ்டர்டாம் போய்வர 65,000. ஜனவரிக் கடைசி ஐரோப்பாவில் குளிர் காலம், சுற்றுலாக் கூட்டம் குறைவு என்பது நமக்குச் சாதகம். விசாக் கட்டணம் 90 யூரோ, அதோடு விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் சேவைக் கட்டணம், கைரேகை கொடுக்கச் சென்னை போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து 13,000. பயணக் காப்பீடு 2,000. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு அது ஈடு தர வேண்டும் என்பது ஷெங்கன் விதி. இன்னும் சில நூறு ரூபாயில் அதைவிடப் பெரிய தொகைக்கே எடுக்க முடியும், அப்படியே எடுங்கள்.

தங்குமிடத்தில்தான் கை சுடும். 2026 ஜனவரி 1 முதல் நெதர்லாந்தில் தங்கும் அறைகளுக்கான மதிப்புக்கூட்டு வரியை 9-லிருந்து 21 சதவீதமாக்கிவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளில் பார்க்கும் வாடகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். விழாவின் மையமான டி டூலன் அரங்கம் ராட்டர்டாம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அதனால் அறை ராட்டர்டாமிலேயே வேண்டும் என்பதில்லை. டெல்ஃப்ட், ஸ்கீடாம் எல்லாம் ரயிலில் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் இரவுக் காட்சி முடிந்து எத்தனை மணிக்கு ரயில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அறையைப் பிடியுங்கள். ஆறு இரவுக்கு, நாளுக்கு 80 யூரோ என்றால் 52,800. ஹாஸ்டலில் படுக்கை மட்டும் எடுத்தால் இன்னும் குறையும்.

ஒரு நாளைக்கு மூன்று படம், ஆறு நாளில் 18 படம், டிக்கெட் 15 யூரோ என்று கொண்டால் 29,700. நான்கு, ஐந்து என்று முதல் முறையே ஆசைப்படாதீர்கள், டிக்கெட்டை வாங்கிவிட்டு அரங்கில் தூங்கத்தான் நேரும். சாப்பாடு நாளுக்கு 30 யூரோ வீதம் ஏழு நாளுக்கு 23,100. ரயில், டிராம் செலவு 7,700. குளிர் உடை, செல்போன் இணைப்பு 7,500. கூட்டினால் சுமார் 2.01 லட்சம். எதிர்பாராததற்கு 30,000 சேர்த்து 2.3 லட்சம் என்று இலக்கு வையுங்கள்.

இந்தப் பணம் உங்களிடம் வந்துவிடும். வரும் அக்டோபரிலிருந்து மாதம் 8,000 வீதம் வங்கியில் ஒரு வருட ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுங்கள். 6.5 சதவீதம் கிடைத்தால்கூட முடிவில் சுமார் 99,000. சீட்டை இப்போது அவசரப்பட்டுத் தள்ளி எடுக்க வேண்டாம். கடைசி வரை நின்றால் கமிஷன் போக ஏறக்குறைய 95,000 கையில் வரும். அதை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட முடியும். மே மாதம் சீட்டு முடிந்ததும் அந்த 5,000 ரூபாயும் ஜூனிலிருந்து டிசம்பர் வரை சேரட்டும், அது 35,000. ஆர்.டி. முடிந்த பிறகும் மூன்று மாதம் 8,000 போடுவீர்கள், அது 24,000. மொத்தம் 2.53 லட்சம். வீட்டுச் செலவுக்கு மாதம் 2,000 ரூபாய் நெகிழ்வும் இருக்கும்.

செலவு செய்யும் வரிசையை மாற்றாமல் கடைப்பிடியுங்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன் கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிலருக்கு 45 நாள்வரை இழுக்கும். ஆர்.டி. கைக்கு வந்ததும் அக்டோபரில் விண்ணப்பியுங்கள். விசா வரும் முன், திரும்ப வராத பணம் ஒரு ரூபாய்கூட விசாக் கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் மேல் போகக் கூடாது. அறையை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பிடியுங்கள். விமானத்துக்கு முன்பதிவுத் தாள் மட்டும் போதும், பணம் கட்டிய டிக்கெட் வேண்டாம். இப்படிச் செய்தால் விசா மறுக்கப்பட்டாலும் இழப்பு 15,000 ரூபாயோடு நின்றுவிடும், மீதி எல்லாம் அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கும். விசா கைக்கு வந்த அன்றே விமான டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். படங்களின் முழு அட்டவணையும் டிக்கெட் விற்பனையும் விழாவுக்குச் சற்று முன்புதான் வரும், அதற்காகக் காத்திருந்தால் விமானக் கட்டணம் ஏறிவிடும்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வேறு நாட்டில் சுலபமாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டூர் பேக்கேஜை நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: குழு சுற்றும் நாடுகளும் உங்கள் ஆறு நாள் ராட்டர்டாமும் ஒரே விண்ணப்பத்தில் ஒத்துப்போகாது. தவிர, பேக்கேஜ் என்று வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறலாம்தான், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். டிக்கெட், அறையை நீங்களே தனித்தனியாக எடுத்து, செலவுப் பணத்தை வெளிநாட்டுப் பணமாக ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொண்டால், நிதியாண்டுக்கு 10 லட்சம்வரை அந்தப் பிடித்தம் இல்லை.

கான் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராட்டர்டாம் பொதுமக்களுக்கு டிக்கெட் விற்கும் விழா. கான் அப்படியல்ல, அது பெரும்பாலும் திரைத்துறையினருக்கானது. 18 முதல் 28 வயதுள்ளவர்களுக்கு மூன்று நாள் அனுமதி தரும் திட்டம் ஒன்று உண்டு, உங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. காசு கொடுத்து வாங்கக்கூடியது அங்கே நடக்கும் திரைப்படச் சந்தைக்கான பாஸ், விற்கப் படமோ வாங்கப் பணமோ இல்லாதவருக்கு அது தேவையில்லை. உங்கள் மாணவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்: அங்கே கட்டணம் கட்டிக் குறும்படத்தைப் பதிவு செய்வது வேறு, போட்டிக்குத் தேர்வாவது வேறு. படம் அனுப்பும்போது நுழைவுக் கட்டணம் கேட்பது பல விழாக்களில் வழக்கம்தான். தேர்வாகிவிட்டது, திரையிடப் பணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

இந்த வருடம் சும்மா இருக்கச் சொல்லவில்லை. டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும். திருச்சியிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, பிரதிநிதிக் கட்டணமும் உங்கள் மாத மிச்சத்துக்குள் அடங்கும். உலகப் படங்களை ஒரு வாரம் தொடர்ந்து பார்ப்பது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

பணம் கொண்டுபோவது பற்றிக் கடைசியாக. சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டில் தேய்த்தால் 3.5 சதவீதம்வரை மாற்றுக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போகும், ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய். ஃபாரெக்ஸ் கார்டில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மூன்று தடவையாக யூரோ ஏற்றுங்கள், ஒரே நாள் விலையில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். நெதர்லாந்தில் ரொக்கம் வாங்காத கடைகள் நிறைய, கிரெடிட் கார்டு வாங்காத கடைகளும் உண்டு. அதனால் 150 யூரோ மட்டும் நோட்டாக எடுத்துப் போங்கள், விமான நிலையத்தில் மாற்றாமல் ஊரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். கார்டு இயந்திரம் ரூபாயில் கட்டவா, யூரோவில் கட்டவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். திரும்பி வந்ததும் கார்டில் மிச்சம் இருப்பதை ரூபாயாக மாற்றிக் கணக்கில் போடச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் சில கார்டுகளில் பயன்படுத்தாத மாதங்களுக்கும் கட்டணம் கழிப்பார்கள்.