தோட்டத்து வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில், ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளித் தென்னந்தோப்புக்கு நடுவே எங்கள் சாளை (தோட்டத்து வீடு) இருக்கிறது. நானும் மனைவியும் 83 வயதான அம்மாவும் மட்டுமே குடியிருக்கிறோம். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரே குடும்பத்தில் மூன்று பேரும், 2025-இல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதியும் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்ட செய்தி வந்ததிலிருந்து எங்களுக்குச் சரியான உறக்கம் இல்லை. துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். இதுவரை ஒரு துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ரிவால்வர், இரட்டைக் குழல், ரைபிள் ஆகிய மூன்றில் எதை வாங்குவது?
— ஒரு விவசாயி, திருப்பூர் மாவட்டம்

பதில்: வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, எதை வாங்குவது என்றே கேட்டிருக்கிறீர்கள், ஆகவே கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்றில் உங்களுக்கு ஏற்றது 12 போர் (bore, அதாவது குழலின் உள் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கிதான்.

நம் நாட்டில் கடைக்குப் போய்ப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு உரிமம் கேட்க முடியாது. எந்த வகை ஆயுதம் வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். உரிமத்திலும் அந்த வகையே பதிவாகும். எனவே இந்த முடிவை உங்கள் விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் முன்பே எடுத்தாக வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாதுகாப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ, உட்புறம் வழவழப்பாக இருக்கும், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கியை இந்தியக் குடிமகன் ஒருவர் கேட்டால் உரிமம் வழங்க வேண்டும் என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. மற்ற வகைகளைக் கேட்பவரோ அதற்குத் தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரியை நம்பவைக்க வேண்டும். இரட்டைக் குழல் முதல் வகையில் அடங்கும். ரிவால்வரும் ரைபிளும் இரண்டாம் வகை. இதனால் இரட்டைக் குழலுக்கு உரிமம் கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பொது அமைதியைக் காரணம் காட்டி மறுக்க 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. உள்ளூர்க் காவல் நிலைய அறிக்கை எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் முடிவு அமையும். ஊரிலிருந்து எவ்வளவு தூரம், அருகில் எத்தனை வீடுகள், இதற்கு முன் திருட்டு நடந்து புகார் கொடுத்ததுண்டா என்பனவற்றை, புகார் மனுவின் ரசீதோடு எழுதிக் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று மேல்முறையீடு செய்யலாம்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். 12 என்ற எண்ணை மில்லிமீட்டர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டைக்கு என்ன விட்டமோ அதுவே குழலின் விட்டம். கணக்கிட்டால் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர் வரும். இந்தத் துப்பாக்கியின் பெரிய நற்குணம் அதன் எளிமை. பூட்டை நெம்பிக் குழலை மடக்கினால் இரண்டு துளைகளும் கண்முன் தெரியும். தோட்டா இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் குழல் வழியாக வெளிச்சம் தெரியும். இருட்டில் விரலால் தடவியும் அறிந்துகொள்ளலாம். முதன்முதலாகத் துப்பாக்கி வைத்திருப்பவர் செய்யும் மிகக் கொடிய தவறு, உள்ளே தோட்டா இல்லை என்று நம்பி விசையை அழுத்துவது. அந்தத் தவறுக்கு மிகக் குறைவாக இடம் தரும் அமைப்பு இதுதான்.

இதைப் பற்றி ஒரு மூடநம்பிக்கையும் உலவுகிறது: தோட்டாவிலிருந்து ரவை (சிறு ஈயக் குண்டுகள்) சிதறிப் பாயும், ஆகையால் குறி பார்க்க வேண்டியதில்லை என்பது. உங்கள் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஐந்து மீட்டர் இருக்கலாம். அந்தத் தூரத்தில் ரவைகள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் விரிவதில்லை. குறி தவறினால் முழுவதும் தவறும், தவறிய ரவை அடுத்த அறையில் அம்மா படுத்திருக்கும் கட்டில் வரைக்கும் போகலாம். இன்னொரு குறை, நீளம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் இரட்டைக் குழலுக்குக் குழல் மட்டுமே 30 அங்குலம், 32 அங்குலம் என்று இருக்கும். தோளில் பதியும் மரக்கட்டையையும் சேர்த்தால் நான்கு அடியை எட்டும். வெட்டவெளியில் பறவை சுடுவதற்காக வந்த நீளம் அது, நிலைப்படியில் திரும்புவதற்கு இடைஞ்சல். கிடைப்பதில் குட்டையான குழலைக் கேளுங்கள். ஆனால் 20 அங்குலத்துக்குக் கீழே யாராவது அறுத்துத் தருவதாகச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், அது குற்றம். தோளில் பொருத்திப் பார்க்கும்போது கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்பதையும், உங்கள் மனைவி அதைத் தூக்கிப் பூட்டைத் திறந்து மூட முடிகிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள். மூன்று கிலோ எடை கையில் சிறிது நேரத்திலேயே கனக்கும்.

ரிவால்வர் மீது உங்களுக்கு ஆசை இருக்கும் என்று ஊகிக்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அதுவே முதல் விருப்பம். 9 மி.மீ., .38 (அங்குலம்) போன்றவை நம் சட்டப்படி தடைசெய்யப்பட்ட போர்கள். குடிமக்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது .32. கான்பூர் பீரங்கித் தொழிற்சாலையில் செய்து 2014-இல் வெளியிட்ட நிர்பீக் என்ற .32 ரிவால்வர் அரைக் கிலோ எடைதான். அப்போதே அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. சிறியது, அழகானது, தலையணைக்கு அடியில் அடங்குவது என்பதெல்லாம் உண்மை. ஆனால் துப்பாக்கி வகைகளிலேயே கற்றுக்கொள்ளக் கடினமானது கைத்துப்பாக்கி. குழல் சில அங்குல நீளம்தான் என்பதால் மணிக்கட்டு இம்மி அசைந்தாலும் குண்டு வேறு இடத்துக்குப் போய்விடும். பயத்தில் நடுங்கும் கைக்கு அது உகந்ததல்ல. வாரம் ஒருமுறை ரைபிள் கிளப்புக்குப் போய்ப் பயிற்சி செய்பவர் நீங்கள் என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு நீங்கள் போகப் போவதில்லை.

.315 ரைபிளை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்: அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லக்கூடியது, அடுத்த தோட்டத்துச் சாளை அவ்வளவு தூரத்தில் இல்லை.

எதை வாங்கினாலும் எங்கே வைப்பது என்பதே இதைவிடக் கடினமான கேள்வி. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கச் சொல்கின்றன. பயிற்சிச் சான்றும் உடல்நிலை, மனநிலை குறித்த மருத்துவச் சான்றும் கேட்கின்றன. துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாவை இன்னொரு பூட்டிலும் வைத்தால் நள்ளிரவில் கதவு உடையும்போது எடுத்துச் சேர்க்க நேரம் இருக்காது. தோட்டா போட்டுக் கட்டிலுக்கு அருகில் சாத்தி வைத்தால் விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளையோ, மனம் நொந்த ஒருவரோ, குடித்துவிட்டு வந்த உறவினரோ அதை எடுக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே முழுமையான வழி கிடையாது. படுக்கை அறைச் சுவரில் போல்ட் போட்டுப் பதித்த எஃகுப் பெட்டியில் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் பூட்டி, அதே அறையில் வேறொரு சிறு பெட்டியில் இரண்டே இரண்டு தோட்டாக்களை வைத்து, இரண்டு சாவிகளையும் உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்வதுதான் நான் சொல்லக்கூடிய நடைமுறை. மீதித் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். வீட்டில் எவருக்காவது மனச்சோர்வு இருந்தால், தயவுசெய்து விண்ணப்பிக்கவே வேண்டாம்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். விலக்கு பெறாதவர்கள் முடிவு வரும்வரை அது இல்லாமல்தான் இருக்க வேண்டும். அந்த வாரங்களிலும் உங்கள் சாளை அதே தோப்புக்கு நடுவில்தான் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். உறங்குகிறவர்களைத் துப்பாக்கி எழுப்பாது. ஆள் வருவது முன்கூட்டித் தெரிந்தால்தான் அதற்கு வேலையே வரும். தெரியவைப்பது நாய், ஆள் நடமாட்டம் பட்டால் எரியும் விளக்கு, மின்சாரம் போனாலும் இயங்கும் கேமரா, உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் போட்ட கதவு. நாய் என்றால் இரண்டு வேண்டும், ஒன்றுக்கு விஷம் வைத்துவிடுகிறார்கள். அவற்றில் ஒன்றாவது இரவில் வீட்டுக்குள் படுக்க வேண்டும். 112 என்ற எண்ணையும் காவல் உதவி செயலியையும் உங்கள் மனைவியின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். துப்பாக்கிக்கு ஆகும் பணத்தில் இவை அனைத்தையும் செய்து மிச்சமும் பிடிக்கலாம் என்பதால், உரிமம் வரும் வரையிலான மாதங்களில் முதலில் இவற்றை முடித்துவிடுங்கள். அதன் பிறகும் உறக்கம் வரவில்லையென்றால் துப்பாக்கியை வாங்குங்கள்.

கேள்வி: என் தந்தையார் சென்ற மாதம் காலமானார். அவரிடம் உரிமத்தோடு இருந்த பழைய இங்கிலாந்துத் துப்பாக்கி இப்போது வீட்டு அலமாரியில் இருக்கிறது. உரிமம் அவர் பெயரில் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை நான் வைத்திருக்கலாமா? வீட்டுக் காவலுக்கு அது பயன்படுமா?
— ஒரு வாசகி, குன்னூர்

பதில்: வைத்திருக்கக் கூடாது, அம்மா. உரிமம் ஆளுக்குத் தரப்பட்டது, ஆள் மறைந்தால் அதுவும் மறைகிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதாகவே சட்டம் உங்களைப் பார்க்கும். இன்றே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அங்கேயோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்கலாம். 2016 விதிகளில் அதற்குத் தனி வழி உண்டு. உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய ஆட்சேபணையின்மைக் கடிதம் தேவைப்படும். விதிகள் தரும் இன்னொரு சலுகையை மற்ற வாசகர்களும் அறிந்திருக்கலாம்: உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம். இப்படி அலமாரியில் திகைத்து நிற்கும் நிலை அதனால் வராது.

வீட்டுக் காவலுக்கு அதை நம்புவதற்கு முன், துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடம் காட்டுங்கள். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அமரும் அறைகள் இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு, அதாவது 65 மில்லிமீட்டருக்கு, வெட்டப்பட்டவை. அதில் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் உள்ளே போய்விடும்; வெடிக்கும்போதுதான் அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிக் குழல் பிளக்கும் ஆபத்து இருக்கிறது.

கேள்வி: பட்டியிலிருந்து ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை உரிமத் துப்பாக்கியால் சுட்டால் தற்காப்பு என்று ஆகுமா?
— ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசுகின்றன. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளே பெரும்பாலும் இவை. சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம் என்று 41-ஆம் பிரிவு அனுமதிப்பது கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்ற சில நிலைகளில் மட்டும். திருட்டாக இருந்தால், எதிர்க்காவிட்டால் சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். திறந்த பட்டியிலிருந்து ஆட்டோடு ஓடுகிறவனின் முதுகு உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த அச்சம் அங்கே எங்கிருந்து வரும்? தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற 37-ஆம் பிரிவு அதற்கு முன்பே நிற்கிறது. வீட்டுக்குள் அரிவாளோடு நுழைந்தவன் விஷயம் வேறு. அங்கும் அவன் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கிய நொடியில் உங்கள் உரிமை சுருங்கிவிடும். ஆட்டுக்காரருக்கு நான் சொல்வது, கத்துங்கள், விளக்கடியுங்கள், வண்டி எண்ணைக் குறியுங்கள்.

கேள்வி: ஏர் கன் வாங்கி வைத்தால் போதாதா?
— ஒரு மாணவர், கரூர்

பதில்: தகர டப்பாவைச் சுட்டுப் பழகப் போதும். திருடனைச் சுட்டால் கோபம்தான் வரும், அவனிடம் உண்மையான ஆயுதம் இருந்தால் உங்கள் கையில் இருப்பதையும் அவன் உண்மையென்றே எடுத்துக்கொள்வான். மயில் தொல்லைக்கு என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது.