ராக்கெட் விலை யாருக்குக் குறைந்தது?

கேள்வி: ராக்கெட்டைத் தரையிறக்கி மறுபடி பயன்படுத்துவதால் விண்வெளிக்குப் போகும் செலவு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு சிறுகோளில் உலகத்தின் மொத்தச் சொத்தைவிட அதிக மதிப்புள்ள உலோகம் கிடக்கிறதாம். பணம் போட இதைவிட நல்ல துறை எது? உங்கள் பத்திரிகை மட்டும் விண்வெளி என்றாலே ஏன் மூக்கால் அழுகிறது?

பதில்: அடிமட்டத்துக்கு வந்தது செலவு, விலை இல்லை. செலவு குறைந்தால் ராக்கெட் வைத்திருப்பவருக்கு லாபம். விலை குறைந்தால்தான் மற்றவர்களுக்கு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதில்தான் உங்கள் கணக்கு தடம் மாறுகிறது.

எலான் மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு 2015 டிசம்பரில் முதன்முறையாகப் பத்திரமாகத் தரையிறங்கியது. அந்தக் காலத்தில் ஒரு ஏவுதலுக்கு ஸ்பேஸ்எக்ஸ் போட்டிருந்த விலை சுமார் 6 கோடி டாலர். 2024இல் ஏறக்குறைய 7 கோடி. பணவீக்கத்தைக் கழித்தால் இறங்கியிருக்கிறதுதான், நாசாவின் பழைய விண்கலமான ஷட்டிலோடு ஒப்பிட்டால் தலைகீழ் மாற்றம்தான். ஆனால் மறுபயன்பாடு வந்த பிறகு விலைப்பட்டியல் சரிந்து விழவில்லை. எல்லாம் சரியாக அமைந்தால், பழைய அடுக்கை வைத்து ஒருமுறை கூடுதலாக ஏவ 1.5 கோடி டாலர்தான் ஆகும் என்று எலான் மஸ்க் 2020இல் சொன்னார். மிச்சம் எங்கே போனது? ராக்கெட் வைத்திருப்பவரிடமே இருக்கிறது. ஏன் இறக்க வேண்டும்? உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட் மேற்கத்திய வாடிக்கையாளர்களுக்கு இல்லாமல் போனது. ஐரோப்பாவின் ஏரியன் 5, 2023 ஜூலையில் ஓய்வு பெற்றது. ஏரியன் 6 பறக்க இன்னும் ஓர் ஆண்டு ஆனது. சோயுஸை நம்பியிருந்த ஒன்வெப், செயற்கைக்கோள் வழி இணையம் விற்கும் ஸ்டார்லிங்கின் நேரடிப் போட்டியாளர், ஸ்டார்லிங்கின் உரிமையாளரான ஸ்பேஸ்எக்ஸிடமே போய் ராக்கெட் கேட்க வேண்டியிருந்தது. எதிரிக் கடையில் சரக்கு வாங்குவது என்பது இதுதான்.

இன்னொன்று. ஏவுதல் என்பது இந்தத் தொழிலில் நம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி, பெரிய பகுதி இல்லை. அமெரிக்காவின் செயற்கைக்கோள் தொழில் சங்கம் 2023க்குப் போட்ட கணக்கில், செயற்கைக்கோள் தொழிலின் உலக வருமானம் சுமார் 28,500 கோடி டாலர். அதில் ராக்கெட் ஏவியவர்களுக்குக் கிடைத்தது 720 கோடி. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் தரையில் இருக்கும் கருவிகளுக்குப் போகிறது: டிஷ், மோடம், முக்கியமாக ஜிபிஎஸ் சிப்கள். ஜிபிஎஸ் விஷயம் வேடிக்கையானது. செயற்கைக்கோள்களை அமெரிக்க வரிப்பணம் பராமரிக்கிறது. சாதாரண மக்களுக்குக் கிடைத்த சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கினார்கள். அதை வைத்து போன் விற்றவரும் டாக்ஸி செயலி நடத்தியவரும் சம்பாதித்தார்கள். மேலே செயற்கைக்கோள் வைத்திருப்பவர் நம்மிடம் வசூலிப்பது பூஜ்யம்.

சரி, சொந்தமாகச் செயற்கைக்கோள் அனுப்பிச் சேவை விற்றால்? இரிடியம் என்ற செயற்கைக்கோள் போன் நிறுவனத்தின் கதையை இதற்காகவே எல்லா முதலீட்டாளர்களும் ஒருமுறை படிக்க வேண்டும். மோட்டோரோலா ஆதரவில் 66 செயற்கைக்கோள்கள், சுமார் 500 கோடி டாலர். உலகின் எந்த மூலையிலிருந்தும் பேசலாம் என்றார்கள்; பேசவும் முடிந்தது. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கையில் செங்கல் மாதிரி ஒரு போன், விலை 3,000 டாலர் அளவில், நிமிடத்துக்குச் சில டாலர் கட்டணம். இத்தனைக்கும் கட்டடத்துக்குள் நின்றால் பேச வராது, வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்க வேண்டும். திட்டம் போட்ட காலத்தில் செல்போன் கோபுரங்கள் அரிது. 1998 நவம்பரில் சேவை தொடங்கியபோது, 3,000 டாலர் கொடுக்கக்கூடிய ஆசாமி போகிற ஊர்களில் எல்லாம் கோபுரம் வந்துவிட்டது. 1999 ஆகஸ்டில் திவால். செயற்கைக்கோள்களைக் கீழே இறக்கி வளிமண்டலத்தில் எரித்துவிடத் திட்டமே தயாரானது. கடைசியில் வேறு சிலர் வெறும் 2.5 கோடி டாலருக்கு மொத்தத்தையும் வாங்கினார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வாடிக்கையாளராக வந்தது. நிறுவனம் இன்றும் நன்றாக ஓடுகிறது. ஒன்வெப்பும் 2020 மார்ச்சில் திவாலாகி, பிரிட்டிஷ் அரசும் ஏர்டெல்லின் பார்தி குழுமமும் ஆளுக்கு 50 கோடி டாலர் போட்டு எடுத்த பிறகுதான் எழுந்தது. இரண்டிலும் முதலில் பணம் போட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஸ்பேஸ்எக்ஸ் மட்டும் எப்படிப் பிழைத்தது என்று கேட்பீர்கள். அதன் முதல் மூன்று ராக்கெட்டுகள் தோற்றன. நான்காவது 2008 செப்டம்பரில் வெற்றி. அந்த டிசம்பரில், சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக நாசா 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அது இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதலில் விலையை நிர்ணயித்து, வேலை முடிய முடியப் பணம் கொடுத்தது நாசா. பழைய பாணியில் ஆகிற செலவை எல்லாம் ஏற்கும் ஒப்பந்தம் போடவில்லை. ஃபால்கன் 9ஐத் தன் வழக்கமான முறையில் உருவாக்கியிருந்தால் 400 கோடி டாலர் அளவிலும், வணிகப் பாணியில் செய்திருந்தால் 170 கோடி அளவிலும் ஆகியிருக்கும் என்று நாசாவே பின்னால் கணக்குப் பார்த்தது. ஸ்பேஸ்எக்ஸ் செலவழித்தது 30 கோடி அளவில். நல்ல நிர்வாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் தனியார் சாகசம் என்று நாம் கைதட்டுகிற இடத்தில் முதல் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம்.

சிறுகோள் தங்கத்துக்கு வருவோம். பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசா 2023 செப்டம்பரில் கொண்டுவந்து சேர்த்தது 121.6 கிராம் மண்ணும் கல்லும். ஏழு ஆண்டுப் பயணம், 100 கோடி டாலருக்கு மேல் செலவு. அறிவியலுக்கு அது பொக்கிஷம். சுரங்கத் தொழிலாகப் பார்த்தால் கிராம் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சிறுகோளைத் தோண்டப் போவதாக 2012இல் அறிவித்த பிளானட்டரி ரிசோர்சஸை 2018இல் ஒரு பிளாக்செயின் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஒரு கல்கூடத் தோண்டவில்லை. அப்புறம், அந்த 'மொத்தச் சொத்தைவிட அதிகம்' என்ற தொகை, உலோகத்தின் இன்றைய சந்தை விலையால் பெருக்கியது. அத்தனையும் சந்தைக்கு வந்து இறங்கினால் அந்த விலை நிற்குமா? ஏட்டுச் சுரைக்காய்.

பணமே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இரண்டு இடங்களைப் பாருங்கள். வருமானத்தில் அரசு ஒப்பந்தம் எவ்வளவு, அது எந்த ஆண்டோடு முடிகிறது என்பது ஒன்று. செயற்கைக்கோள் தேய்மானத்தை, அதாவது அதற்கான செலவை ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதுவதை, எத்தனை ஆண்டுக்குப் பரப்பியிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை பதினைந்து ஆண்டு உழைக்கும். ஸ்டார்லிங்க் மாதிரி தாழ்வாகச் சுற்றுபவற்றுக்கு ஆயுள் ஐந்தாண்டு அளவுதான், பிறகு புதிதாக அனுப்பியே ஆக வேண்டும். ஐந்தாண்டில் எரிந்துபோகிற பொருளுக்குப் பத்து, பதினைந்து என்று எழுதியிருந்தால் ஆண்டுச் செலவு குறைவாகத் தெரியும்; கீழே காட்டியிருக்கும் லாபத்தை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள்.