பதினைந்தாவதாக வந்தவர் – ஒரு கடிதம்

அண்ணா, வணக்கம்.

1970இல் அமெரிக்காவின் பெரிய குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியில் குதிரை ஓட்டிய முதல் பெண் டயான் கிரம்ப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் குதிரை வளர்க்கிறோம். ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் கொண்டுபோவோம். தீனி வைப்பது, தேய்த்து விடுவது எல்லாம் என் மகள்தான். ஆனால் சந்தையில் நடை காட்ட ஏறுவது என் அண்ணன் மகன். "பொம்பளப் புள்ளைக்குப் பிடி பத்தாது, உழுந்து கைகால ஒடிச்சுக்கும்" என்கிறார் அவள் அப்புச்சி, என் அப்பா. கிரம்ப் கதையைச் சொன்னேன். "பதினேழு குதிரைல பதினஞ்சாவதா வந்ததுல என்ன பெருமை?" என்று கேட்டுவிட்டார். என்ன பதில் சொல்வது?

– ஒரு வாசகி, அந்தியூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அப்புச்சி கேட்டது நல்ல கேள்வி. பதிலும் அவருக்குத் தெரிந்ததுதான். ரேக்ளாவில் ஒரு வண்டி 300 மீட்டரை முந்திக் கடந்தால் நம் ஊரில் முதலில் கேட்பது "யாரு மாடு?" என்றுதான். ஓட்டியவர் பேர் அப்புறம். குதிரைப் பந்தயத்திலும் ஓனரும் டிரெய்னரும் கொடுக்கிற குதிரையில்தான் ஜாக்கி, அதாவது ஓட்டுபவர், ஏற முடியும். கிரம்ப்புக்குக் கிடைத்த ஃபாதம், பணம் கட்டியவர்கள் நம்பிய குதிரை அல்ல.

அந்தக் குதிரையாவது கிடைத்ததே பெரிய விஷயம். 1968இல் கேத்தி குஸ்னர், ஒலிம்பிக்கில் குதிரையேறியவர், ஜாக்கி லைசென்ஸுக்காக மேரிலாந்தில் கோர்ட் ஏற வேண்டியிருந்தது. அதே ஆண்டு லைசென்ஸ் வாங்கிய பென்னி ஆன் எர்லியோடு ஓட மாட்டோம் என்று ஆண் ஜாக்கிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். 1969 பிப்ரவரி 7 அன்று ஃபுளோரிடாவின் ஹயாலியா மைதானத்தில் கிரம்ப் தன் முதல் பந்தயத்துக்காகக் குதிரையிடம் போனதே காவலர்கள் சூழத்தான். சமையல்கட்டுக்குப் போ என்று கூட்டத்திலிருந்து கத்தினார்கள். அன்று பத்தாவதாக வந்தார். அடுத்த மாதமே வேறொரு பந்தயத்தில் ஜெயித்தார். டெர்பியில் அடுத்த பெண் ஏறுவதற்கு 1984 வரை ஆனது.

சரி, பிடிக்கு வருவோம். பந்தயத்துக்கு முன்னால் ஜாக்கியைச் சேணத்தோடு நிறுத்தி எடை பார்ப்பார்கள். டெர்பியில் ஆண் குதிரைக்கு 126 பவுண்டு, சுமார் 57 கிலோ. குறைந்தால் சேணத்தில் ஈயத் தகடு வைத்து ஈடுகட்ட வேண்டும். ஓடி முடித்ததும் மறுபடி எடை. அதனால் எல்லா ஜாக்கிகளுமே சின்ன உடம்புக்காரர்கள். குதிரையோ கிட்டத்தட்ட அரை டன். அதை இழுத்து நிறுத்தும் கைபலம் எந்த ஆணுக்கும் கிடையாது. சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியைக் குட்டையாக வைத்து, முட்டி மடக்கி, சேணத்தில் உட்காராமல் கால் பலத்தில் நிற்கிறார்கள். குதிரையின் தலை முன்னே போகும்போது கையும் கூடவே போகிறது. அந்த இசைவுதான் பிடி. தினமும் அதைத் தேய்த்து விடுகிற உங்கள் மகளுக்கு அதில் பாதி ஏற்கெனவே வந்திருக்கும்.

நல்ல குதிரை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜூலி குரோன் இருக்கிறார். ஐந்தடிகூட இல்லாத உயரம். குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவர் அம்மா. 1993இல் கொலோனியல் அஃபேர் என்ற குதிரையில் பெல்மான்ட் ஸ்டேக்ஸை ஜெயித்தார், ஒன்றரை மைல் பந்தயம். அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களில் ஒன்றை ஒரு பெண் ஜெயித்தது அதுவே முதல்முறை. மொத்தம் 3,704 வெற்றிகள். இங்கே சென்னையிலும் ரூபா சிங் இருக்கிறார், இந்தியாவின் முதல் தொழில்முறைப் பெண் ஜாக்கியாக அறியப்படுபவர். அவரும் உங்களைப் போலக் குதிரைக்காரக் குடும்பம்தான்.

விழுந்துவிடுவாள் என்ற பயத்தை மட்டும் நான் தள்ளமாட்டேன். பெல்மான்ட் ஜெயித்த அதே ஆண்டு ஆகஸ்டில் குரோன் சரடோகா பந்தய மைதானத்தில் விழுந்தார். கணுக்கால் நொறுங்கியது, இன்னொரு குதிரையின் குளம்பு நெஞ்சில் இறங்கியது. போட்டிருந்த கவசம் உயிரைக் காப்பாற்றியது. அடுத்த ஆண்டு மறுபடி ஏறினார். அதனால் ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் முதலில் வாங்குங்கள், உங்கள் அண்ணன் மகனுக்கும் சேர்த்து. அப்புறம், வெயில் ஏறுமுன் தோட்டத்தில் அவளை மெதுநடையில் ஏற்றிப் பழக்குங்கள். பக்கத்தில் கயிறு பிடித்து நடக்க அப்புச்சியையே கூப்பிடுங்கள். அவள் கை குதிரையோடு போகிறதா இல்லையா என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.