பெத்தாலஜி எடுக்கும் மகளும் அம்மாவின் கவலையும்

அம்மா, மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வில் ரேங்க் வந்த பிறகும் மகள் "எம்.டி. பெத்தாலஜிதான் வேண்டும், ஆராய்ச்சி செய்யப்போகிறேன்" என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் லேபில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதவா இத்தனை வருஷம் படிக்க வைத்தோம் என்பது உங்கள் ஆதங்கம். பெத்தாலஜி என்பது திசுவையும் ரத்தத்தையும் ஆராய்ந்து நோயைக் கண்டறியும் துறை. அவள் கேட்பது நல்ல துறைதான். எந்தக் கல்லூரியில் எடுக்கிறாள் என்பதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை, மகப்பேறு, சிறுநீரகம், தோல், குடல் என எந்தத் துறை டாக்டர் திசுவை எடுத்தாலும் அது வந்து சேருகிற இடம் பெத்தாலஜி. அதனால் மற்ற டாக்டர்கள் தங்கள் துறைக்குள் மட்டும் பார்ப்பதை, பெத்தாலஜிஸ்ட் பல துறைகளை ஒட்டிப் பார்க்க முடிகிறது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ராபின் வாரன் இப்படிப்பட்ட ஒரு பெத்தாலஜிஸ்ட். 1979-இல் இரைப்பை பயாப்ஸி (பரிசோதனைக்கு எடுத்த திசுத் துண்டு) ஒன்றில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்தார். அமிலம் நிறைந்த வயிற்றில் கிருமி வாழாது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவரிடம் ஸ்லைடுகள் இருந்தன. ஆனால் திட்டமிட்டு பயாப்ஸி எடுத்துத் தரவும், நோயாளியின் தொந்தரவுகளைக் கேட்டுக் குறித்து வைக்கவும் ஆள் வேண்டும். 1981-இல் பயிற்சி டாக்டர் பேரி மார்ஷல் வந்து சேர்ந்தார். இருவரும் 100 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். மைக்ரோபயாலஜி லேபில் கிருமியை வளர்க்கும் தட்டுகளை இரண்டு நாளில் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுவது வழக்கம், எதுவும் வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன, கிருமி வளர்ந்திருந்தது. குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் இந்தக் கிருமிதான் காரணம் என்று தெரிந்து சிகிச்சையே மாறியது, 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாரன் தன் மைக்ரோஸ்கோப்போடு தனியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

நோபல் எல்லோருக்கும் வராது, சரி. அன்றாட வேலைக்கு வருவோம். மார்பகப் புற்றுநோயில் எந்த மருந்து பலன் தரும் என்று முடிவு செய்ய உதவும் ஹெர்-2 என்ற புரதத்தின் பரிசோதனை சரியாக வர, கட்டியை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) விழ வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் ஊற வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் யாரோ மறந்துபோய் மதியம் வரை டப்பாவை மேஜையில் வைத்துவிட்டால் ரிசல்ட்டை நம்ப முடியாது, அதை வைத்துச் செய்யும் ஆய்வையும் நம்ப முடியாது. அதனால் ஆராய்ச்சி செய்யும் பெத்தாலஜிஸ்ட் சர்ஜனிடமும் தியேட்டர் நர்ஸிடமும் போய்ப் பேசியே ஆக வேண்டும். சிறுநீரக பயாப்ஸியிலும் இதே கதை: ஒரு துண்டு ஃபார்மலினில் போக வேண்டும், இம்யூனோஃப்ளோரசன்ஸ் என்ற ஒளிரும் சாயப் பரிசோதனைக்கான துண்டு ஃபார்மலினில் படவே கூடாது. உங்கள் மகள் கூச்ச சுபாவம் என்றால், நான் அக்கறையோடு சொல்வது இதுதான்: பேசப் பழகச் சொல்லுங்கள்.

துறைகள் சேர்ந்து வேலை செய்ததற்கு இன்னோர் உதாரணம்: கனடாவின் பான்ஃப் ஊரில் 1991-இல் பெத்தாலஜிஸ்ட்டுகளும் நெஃப்ராலஜிஸ்ட்டுகளும் (சிறுநீரக டாக்டர்கள்) மாற்று அறுவை சர்ஜன்களும் ஒன்றாக உட்கார்ந்து, மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதை எப்படித் தரம் பிரிப்பது என்று முடிவு செய்தார்கள். இன்றும் அந்த ஊர்ப் பெயர் கொண்ட தரப் பிரிப்பின்படிதான் ரிப்போர்ட் எழுதுகிறார்கள்.

இப்போது கல்லூரி விஷயம். டியூமர் போர்டு, அதாவது பல துறை டாக்டர்கள் சேர்ந்து புற்றுநோயாளிகளின் சிகிச்சையை முடிவு செய்யும் கூட்டம், ஒழுங்காக நடக்கிறதா, அதில் பி.ஜி. மாணவர்களை ஸ்லைடு காட்டிப் பேச விடுகிறார்களா என்று விசாரியுங்கள். சிறுநீரக, கல்லீரல் பயாப்ஸிகள் அங்கேயே பார்க்கப்படுகின்றனவா, வெளியே போகின்றனவா? போன வருஷத்து மாணவர்களின் தீசிஸ்களில் (ஆய்வேடுகளில்) வேறு துறை ஆசிரியர் கோ-கைடாக (துணை வழிகாட்டியாக) இருந்திருக்கிறாரா? என்னைக் கேட்டால் இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பெரிய பெயர் உள்ள கல்லூரியில் துறைகள் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தால் அங்கே மூன்று வருஷமும் ரிப்போர்ட் எழுதுவதோடு முடிந்துவிடும்.

சேர்ந்த சில மாதங்களிலேயே தீசிஸ் தலைப்பு கொடுக்க வேண்டியிருக்கும், எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் வாங்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்பதை ஆய்வு தொடங்கும்போதே பேசி எழுதி வைத்துக்கொள்ளட்டும். பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

வருமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மருத்துவக் கல்லூரி, கார்ப்பரேட் மருத்துவமனை, பரிசோதனை மையம் என்று வேலை உண்டு. மேலே படிக்க மும்பை டாடா மெமோரியலில் ஆங்கோபெத்தாலஜி (புற்றுநோய்), சண்டிகர் பி.ஜி.ஐ.யில் ஹெமட்டோபெத்தாலஜி (ரத்த நோய்கள்) போன்ற, எம்.டி.க்கு அடுத்த டி.எம். படிப்புகளும் இருக்கின்றன. ஆராய்ச்சி மட்டும் கைநிறையச் சம்பளம் தராது. ரிப்போர்ட் வேலையோடு சேர்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும். இதை அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்பு, அவள் நினைத்திருக்கும் கல்லூரிகளின் மூன்றாம் வருஷ ரெசிடென்ட்டுகளிடம் அவளையே போனில் பேசச் சொல்லுங்கள். அவர்கள் சொன்னதைக் குறித்து எனக்கு அனுப்பினால், வரிசையை மூன்று பேரும் உட்கார்ந்து போடலாம்.