குகையில் பிடித்த பூச்சி புதுசுதான் என்று யார் சொல்வது?

கேள்வி: குகைத் தண்ணீரில் வாழும் பொடி இறால் மாதிரி உயிரிகளில் ஒன்று புதிய சிற்றினம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?

எம்.எஸ்சி. விலங்கியல் படித்தபோது ஒரு விடுமுறை முழுக்க ஓர் ஆய்வகத்தில் கிணற்றுநீர் மாதிரிகளைப் பிரித்துக் கொடுத்தேன். குகைக்குள் போனதில்லை. ஆனால் குகை, கிணறு இரண்டிலும் இருப்பது நிலத்தடி நீர்தான். அதில் வாழ்பவையும் சொந்தக்காரர்களே.

1950இல் சோப்ரா, திவாரி என்ற இரண்டு விலங்கியலாளர்கள் காசிக் கிணறுகளிலிருந்து ஓர் ஐசோபாடை (இறாலின் தூரத்துச் சொந்தமான சிறு ஓட்டுடலியை) விவரித்து, 'நிக்கோல்சியா காசியென்சே' என்று ஊர்ப் பெயரையே சூட்டினார்கள். அப்புறம் 2011இல் ஆந்திராவின் குத்திகொண்டா குகையிலிருந்து 'ஆந்திரகாய்டிஸ் சாபுதீன்' வந்தது. இதுவும் ஓர் ஐசோபாட்தான். இதற்குச் சிற்றினம் மட்டுமல்ல, பல சிற்றினங்களை உள்ளடக்கும் பேரினமே புதுசு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இதே குடும்பத்தின் மற்ற உறவுகள் ஆஸ்திரேலியாவில் இருப்பதுதான். நன்னீரில் வாழும் குருட்டுப் பிராணி கடல் நீந்தியா போயிருக்கும்? இரண்டு நிலங்களும் கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டமாக ஒட்டியிருந்த காலத்து உறவு அது.

சரி, புதுசு என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் கால்களை வைத்துத்தான். கிணற்றுநீரில் நான் பிரித்த கோப்பிபாட் (இதுவும் ஒரு பொடி ஓட்டுடலி) பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை கிளிசரின் சொட்டில் போட்டு, நுண்ணோக்கியைப் பார்த்தபடியே ஊசியால் ஒவ்வொரு காலாகப் பிரிக்க வேண்டும். ஐந்தாவது கால் முக்கியம்: எத்தனை கணு, எத்தனை முள், எது நீளம். பார்த்து வரைந்து, இதுவரை வெளியான விவரிப்புகளோடு ஒப்பிட வேண்டும். மூச்சைக் கொஞ்சம் வேகமாக விட்டாலும் கை ஆடி, கால் எங்கோ போய்விடும். அரைநாள் தேடியிருக்கிறேன்.

ஒருநாள் நான்காவது காலில் ஒரு கணு குறைந்த ஒன்று கிடைத்தது. "அக்கா, இது புதுசு!" என்று கத்தினேன். ஆராய்ச்சி மாணவி வந்து எட்டிப் பார்த்தார். "புதுசு இல்லடா, குஞ்சு. இன்னும் தோலுரிச்சு வளரணும்." முழுசாக வளர்ந்தது கிடைக்காமல் பேச்சே இல்லை என்று அன்றுதான் புரிந்தது.

காலும் முள்ளும் ஏமாற்றுவதும் உண்டு. பிரான்சில் 'நிபார்கஸ் வைரெய்' என்று ஒரே பெயரில் இருந்த, இறால் மாதிரியான குகைவாசி, மரபணுவைப் பார்த்தபோது மூன்று பழைய கிளைகளாகப் பிரிந்தது (2006). வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒன்றுபோலவே.

எல்லாம் உறுதியானால் ஒரு மாதிரியை மூலமாதிரியாக (அந்தப் பெயருக்கு அடையாளமான மாதிரியாக) அருங்காட்சியகத்தில் வைத்து, விவரிப்பை வெளியிட வேண்டும். முறைப்படி வெளியாகும்வரை அந்தப் பெயர் செல்லாது. தன் பெயரை வைக்க விதியில் தடை இல்லை, ஆனால் துறைக்குள் சிரிப்பார்கள். அடுத்தவர் பார்த்து வைத்தால்தான் மரியாதை.

எனக்கு யாரும் வைக்கவில்லை. என் குஞ்சு கடைசியாக "முதிராதது, கிணறு 7" என்ற சீட்டோடு சாராயக் குப்பிக்குள் போனது.