ஃபியூசைக் கழற்றிய பிறகும் ஷாக் அடித்தது ஏன்?

கேள்வி: குளச்சலில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். 30 எச்பி கம்ப்ரசர் ஸ்டார்டரில் காண்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காந்த ஸ்விட்ச்) மாற்ற மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் மூன்றையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்படியும் உதவியாளருக்கு ஷாக் அடித்தது. லாக்அவுட் பூட்டு போட்டிருந்தால் தப்பியிருப்பாரா?

பதில்: பூட்டு கட்டாயம் வேண்டும். ஆனால் அன்றைக்குப் பூட்டு மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்காது. இன்னொருவர் ஸ்விட்சைப் போடாமல்தான் பூட்டு தடுக்கும்; பேனலுக்குள் மிச்சமிருக்கும் கரண்டை அது ஒன்றும் செய்யாது.

ஃபியூஸ் உங்கள் பையில் இருந்தும் ஷாக் அடித்ததென்றால் முதலில் கன்ட்ரோல் லைனை, அதாவது காண்டாக்டரின் காயிலை இயக்கும் ஒயரிங்கைப் பாருங்கள். பிரஷர் கட்அவுட், கூலிங் டவர் பம்ப் இன்டர்லாக் (பம்ப் ஓடாமல் கம்ப்ரசரை ஓடவிடாத இணைப்பு) ஒயர்கள் பல இடங்களில் பக்கத்துப் பேனலிலிருந்து வரும். கம்ப்ரசர் மெயின் ஆஃப் ஆனாலும் காண்டாக்டர் காயில் முனையில் 230 வோல்ட் அப்படியே நிற்கும்.

அடுத்தது, பவர் ஃபேக்டரைச் சரிசெய்ய மாட்டியிருக்கும் கெப்பாசிட்டர். 415 வோல்ட் லைனில் ஓடியதை ஆஃப் செய்ததும் 580 வோல்ட்டுக்கு மேல்கூட டிசி தேங்கியிருக்கலாம். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் நன்றாயிருந்தால் சில நிமிடங்களில் வடிந்துவிடும்; எரிந்துபோயிருந்தால் வடியாது. மீட்டரை ஏசியில் மட்டும் வைத்துப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள், தேங்கிய டிசி அதில் சரியாகத் தெரியாது. ஐந்து நிமிடம் பொறுத்து டிசியிலும் அளந்து பாருங்கள். வோல்ட் காட்டினால் ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். இன்சுலேட்டட் பிடியுள்ள ரெசிஸ்டர் வழியாக வடியவிடுங்கள்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கடலோரத்தில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. உப்புக்காற்றும் பிரைன் (ஐஸ் உறைய வைக்கும் உப்புநீர்) ஈரமும் மெயின் ஸ்விட்ச் பிளேடுகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். கைப்பிடி ஆஃபில் நிற்கும். உள்ளே ஒரு பிளேடு மட்டும் ஒட்டிக்கொண்டு, ஃபியூஸைக் கழற்றியிருந்தாலும் அதன் முனை வரை ஒரு பேஸ் வந்துகொண்டிருக்கும். ஆகவே கைப்பிடியை நம்பிக் கை வைக்காதீர்கள்.

சட்டைப் பையில் ஃபியூஸ் இருப்பதும் பாதுகாப்பல்ல. மேஜை டிராயரில் ஸ்பேர் ஃபியூஸ் இருக்கும். போட் வந்து ஐஸ் கேட்டு நெருக்கும்போது, நீங்கள் பேனலுக்குப் பின்னால் குனிந்திருப்பது தெரியாமல் யாராவது அதை எடுத்துப் போட்டுவிடலாம்.

வேலைக்கு முன் ஸ்டாப் பட்டனில் மோட்டாரை நிறுத்தி, லோடு இல்லாமல் மெயினை ஆஃப் செய்யுங்கள். கைப்பிடியின் துளையில் பூட்டைப் போடுங்கள். எம்சிபி (தானாக ட்ரிப் ஆகும் சின்ன ஸ்விட்ச்) என்றால் அதற்கென்று வரும் கிளிப்பை மாட்டிப் பூட்டுங்கள். ஜென்செட் பக்கத்தையும் மறக்கக் கூடாது. ஆட்டோ சேஞ்ச்ஓவர் இருந்தால் ஈபி போன சில நொடிகளில் அந்த வழியாக சப்ளை வந்துவிடும். கன்ட்ரோல் சப்ளை வரும் பக்கத்துப் பேனலுக்கும் தனிப் பூட்டு. இருவர் வேலை செய்தால் பல பூட்டு மாட்டும் ஹாஸ்பில் ஆளுக்கொரு பூட்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி, அதுவும் ஒன்றே ஒன்று; அது பூட்டியவர் கையில். பூட்டில் தொங்கவிடும் டேக்கில் பெயர், மொபைல் எண், நேரம், என்ன வேலை என்று எழுதுங்கள். ஷிஃப்ட் மாறினால் வருபவர் தன் பூட்டைப் போட்ட பிறகே போகிறவர் கழற்ற வேண்டும்.

பூட்டிய பின் ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்; மோட்டார் ஓடக் கூடாது. பிறகு ஸ்டாப்பை அழுத்திவிடுங்கள். அடுத்து மீட்டரை எடுத்து, கரண்ட் இருப்பது உறுதியான ஓரிடத்தில் முதலில் சோதியுங்கள். பின்பு பேஸுக்குப் பேஸ் மூன்று, நியூட்ரலுக்கு மூன்று, எர்த்துக்கு மூன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று என்று பத்து அளவு. காயில் முனைகளையும் தனியாக அளக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி அந்தக் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து, மீட்டர் இடையில் பழுதாகவில்லை என்று பாருங்கள். நியான் டெஸ்டர் இதற்கு ஆகாது. ரப்பர் பூட்ஸோடு நின்றாலோ வெயில் வெளிச்சத்திலோ அது எரிவது கண்ணுக்கே தெரியாமல் போகும்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஐஸ் தேவை குறையும் அந்த நாட்களில் எல்லா மெயின் ஸ்விட்சையும் திறந்து பிளேடுகளைச் சுத்தம் செய்யுங்கள், பச்சை பிடித்துக் குழிந்தவற்றை மாற்றுங்கள், ஒவ்வொரு பேனலுக்கும் எங்கெங்கிருந்து சப்ளை வருகிறது என்று கதவிலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள்.