மகரந்தம் ஒட்டியதும் கருவுற்றுவிடுமா? பூக்கும் தாவரங்களின் இனப்பெருக்கம் குறித்த கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை: பூவில் மகரந்தம் ஒட்டிவிட்டாலே அது கருவுற்றுவிட்டது என்ற எண்ணம். அந்த இடத்தைத் தொடும் கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: பூசணிக் கொடி நிறையப் பூக்கிறது, ஆனால் காய் நிற்பதில்லை. ஒன்றிரண்டு பிஞ்சுகளும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகின்றன. இது நோயா?

பெரும்பாலும் நோயில்லை. பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வருகின்றன. முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்களே என்பதால், தொடக்கத்தில் அவை எல்லாம் உதிர்வது இயல்பு. மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண் பூ. இதழ்களுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஓர் உருண்டை தெரிந்தால் அது பெண் பூ. நீங்கள் பிஞ்சு என்று நினைத்தது இன்னும் கருவுறாத சூற்பைதான். பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடுவதால், அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ எதுவும் வந்து போகாவிட்டால் சூற்பை மஞ்சளித்து விழுந்துவிடும். காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் களைந்துவிட்டு, நடுவில் மகரந்தம் படிந்த தண்டைப் பெண் பூவின் சூலகமுடியில், அதாவது மகரந்தத்தை ஏற்கும் நடுப்பகுதியின் நுனியில், மெதுவாகத் தடவிப் பாருங்கள். அதன் எல்லா மடல்களிலும் படும்படி தடவ வேண்டும். மகரந்தம் போதிய அளவு சேராவிட்டால் காய் கோணலாக வளரும்.

கேள்வி: அப்படியானால் மகரந்தச்சேர்க்கைக்கும் கருவுறுதலுக்கும் இடையில் உண்மையில் என்னதான் நடக்கிறது?

பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடும் இந்த இடைவெளிதான் என் பார்வையில் முழுக் கதையிலும் சுவையான பகுதி. மகரந்தத்தூள் சூலகமுடியில் ஒட்டுவது மகரந்தச்சேர்க்கை. அத்துடன் வெளியிலிருந்து வரும் உதவி, அதாவது காற்றோ பூச்சியோ நீரோ செய்யும் வேலை, முடிந்துவிடுகிறது. அதன் பிறகு தூள் சூலகமுடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, தன் சுவரிலுள்ள ஒரு துளை வழியாக மெல்லிய குழல் ஒன்றை வெளியே நீட்டுகிறது. இந்த மகரந்தக் குழல் சூலகமுடியைச் சூற்பையுடன் இணைக்கும் சூலகத்தண்டின் திசுவுக்குள் புகுந்து, சூற்பையை அடைந்து, பின்னர் விதையாகப் போகும் சூலின் சிறு துளை வழியாக, முட்டைச் செல் இருக்கும் கருப்பைக்குள் நுழைகிறது. பாசிகளிலும் பெரணிகளிலும் ஆண் இனச்செல்கள் நீரில் நீந்திச் செல்லும். பூக்கும் தாவரத்தில் ஒரு மகரந்தத்தூள் தரும் இரு ஆண் இனச்செல்களுக்கோ நீந்தும் ஆற்றலே இல்லை. ஆகவே அவை இரண்டும் இந்தக் குழலுக்குள் பயணிகளாகவே எடுத்துச் செல்லப்படுகின்றன. முட்டைச் செல்லின் அருகிலுள்ள இரு உதவிச் செல்கள் வேதிப்பொருள்களைச் சுரந்து குழலுக்கு வழிகாட்டுகின்றன என்பதும், குழல் அவற்றுள் ஒன்றினுள் புகுந்து வெடித்தே இனச்செல்களை விடுவிக்கிறது என்பதும் இன்று தெளிவாகத் தெரிந்தவை.

மகரந்தக் குழலை முதலில் கண்டவர் இத்தாலியரான ஜியோவானி பத்திஸ்தா அமிச்சி. 1824-இல் வெளிவந்த அவருடைய பதிவின்படி, பருப்புக்கீரைப் பூவின் சூலகமுடியிலிருந்த ஒரு மயிரில் வேறெதையோ உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அதில் ஒட்டியிருந்த மகரந்தத்தூளிலிருந்து குழல் நீள்வது அவர் கண்ணில் பட்டது.

இந்தப் பயணத்துக்கு ஆகும் காலம் தாவரத்துக்குத் தாவரம் வேறுபடும். மக்காச்சோளத்தில் ஏறத்தாழ ஒரு நாள் போதும். ஓக் மரங்களில் சில இனங்களிலோ மகரந்தம் விழுந்து ஓராண்டு கழிந்த பின்புதான் கருவுறுதல் நிகழ்கிறது.

கேள்வி: புல் வகைகளுக்குப் பூ உண்டா?

உண்டு. இதழ் இல்லாததால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல்களில் ஒன்றைக் கிழியாமல் பின்தொடர்ந்து உரித்துப் பாருங்கள். அது ஒரே ஒரு மணியின் தலையில் போய் முடியும். அந்த நூல் ஒவ்வொன்றும் ஒரு பெண் பூவின் சூலகத்தண்டும் சூலகமுடியும் சேர்ந்தது. மகரந்தக் குழல் சில வேளைகளில் 30 செ.மீ. வரை அதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது. கதிரில் ஆங்காங்கே மணி கட்டாத வெற்றிடம் இருந்தால், அந்த இடத்து நூலுக்குக் காற்று மகரந்தத்தைக் கொண்டுவரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

கேள்வி: இரட்டைக் கருவுறுதலில் இரண்டாவது இணைவு சந்ததியைத் தருவதில்லை. அதையும் கருவுறுதல் என்று சொல்வது சரியா?

நியாயமான ஆட்சேபம். 1898-இல் லில்லிக் குடும்பத் தாவரங்களில் இரட்டைக் கருவுறுதலைக் கண்டறிந்து அறிவித்தவர் ரஷ்யத் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின். இரு ஆண் இனச்செல்களில் ஒன்று முட்டைச் செல்லுடன் இணைந்து கருவாகிறது. மற்றொன்று கருப்பையின் நடுவிலுள்ள இரு துருவ உட்கருக்களுடன் இணைந்து, வளரும் கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவாகிறது. மூன்று உட்கருக்கள் கூடுவதால் இதனை மூவிணைவு என்று அழைப்பார்கள். உங்களுக்கு அந்தச் சொல் பொருத்தமாகப் பட்டால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் சந்ததி தராத இணைவு என்று அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நெல், கோதுமை மணிகளின் பெரும்பகுதி இந்தக் கருவூண்தான். தேங்காயின் பருப்பும் அதேதான், இளநீர் அதன் நீர்ம வடிவம். அவரை, பட்டாணி போன்றவற்றில் விதை முற்றுவதற்குள்ளேயே வித்திலைகள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன.

இதில் ஒரு சிக்கனமும் உண்டு. சைகஸ் போன்ற திறந்தவிதைத் தாவரங்களில் கருவுக்கான உணவுத் திசு கருவுறுதலுக்கு முன்பே சேர்ந்துவிடுகிறது, கருவுறாவிட்டால் அவ்வளவும் வீண். பூக்கும் தாவரமோ பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை. ஆண் இனச்செல்கள் வந்து சேர்ந்த பிறகுதான் உணவைச் சேமிக்கத் தொடங்குகிறது.

கேள்வி: ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கும்போது வேறு செடியின் மகரந்தம் எதற்கு?

வேறு செடியின் மரபணுக்கள் கலந்தால் சந்ததியில் பலவகை கிடைக்கும் என்பதால், பல தாவரங்கள் தன் மகரந்தத்தைத் தவிர்க்க வழி வைத்திருக்கின்றன. சிலவற்றில் சூலகமுடி தன் மகரந்தத்தை அடையாளம் கண்டு, குழல் வளரவிடாமல் தடுத்துவிடுகிறது. பனையிலும் ஈச்சையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. சூரியகாந்தி இடைப்பட்ட வழியைக் கையாள்கிறது. நாம் ஒரு பூ என்று சொல்வது நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். நடுவிலுள்ள சிறு பூ ஒன்றைக் கையடக்கக் கண்ணாடியில் பார்த்தால், சூலகத்தண்டு முதலில் மகரந்தத்தை மேலே தள்ளிக்கொண்டு வருவதும், பிறகே அதன் நுனி இரண்டாகப் பிளந்து விரிவதும் தெரியும். தேனீ எதுவும் வராமல் போனால் அந்தப் பிளவுகள் பின்னோக்கிச் சுருண்டு தன் மகரந்தத்தையே தொட்டுவிடக்கூடும். மறுபக்கம், பட்டாணி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே நன்றாக விதை கட்டுகிறது. எனவே தன் மகரந்தச்சேர்க்கையைக் குறைபாடு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

கேள்வி: கருவுறாமலே காய் வருமா?

வரும். பயிரிடப்படும் வாழைகளில் பெரும்பாலானவை அப்படித்தான் விதையில்லாமல் காய்க்கின்றன.

கேள்வி: ஒரே மாங்கொட்டையிலிருந்து மூன்று கன்றுகள் முளைத்தன. எப்படி?

மாவின் சில வகைகளில் சூலின் உள்திசுச் செல்களே தனித்தனிக் கருக்களாக வளர்கின்றன. அவற்றில் தந்தையின் பங்கு இல்லை. அந்தக் கன்றுகள் தாய் மரத்தின் நகல்கள்.

கேள்வி: ஆர்க்கிட் விதைகளை நல்ல மண்ணில் தூவியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையில் கருவூண் இல்லையா?

இல்லை. ஆர்க்கிடில் கருவூண் உருவாவதில்லை, அல்லது தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. தூசு போன்ற அந்த விதைக்குள் சில செல்களாலான கருவும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறையும் மட்டுமே உள்ளன. இயற்கையில் தகுந்த பூஞ்சை ஒன்று உள்ளே புகுந்து உணவளித்தால்தான் அது முளைக்கும். பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரையும் கனிம உப்புகளும் கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கலாம் என்று லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார்; ஆர்க்கிட் நாற்றுகளை வளர்ப்பவர்கள் கிருமி நீக்கிய குப்பிகளில் விதைப்பது அதனால்தான்.